முப்பாற்புள்ளி

ஹேண்ட்பால் அரங்கின் காவலர்
தரையைக் காட்டித் தலையசைத்துவிட்டார்:
சக்கரம் கூடாது, பீச் மரம், கீறும்.
அதனால்தான் மீன் கிடங்கு.

ப்ரெமர்ஹாஃபன். இரண்டாயிரத்து ஏழு, பிப்ரவரி.
குளிர்பதனம் நிறுத்தி ஆறு வருடமாகியும்
ஹெர்ரிங் நாற்றம் சுவரைக் காலிசெய்யவில்லை.
வீப்கே ட்யோன்யெஸ் மண்டியிட்டு
சிமெண்டில் கயிறு கிடத்தி, மேலே டேப் ஒட்டினாள்.
உள்வட்டம். வெளிவட்டம்.
அளவு தப்பியதும் கெட்ட வார்த்தை சொல்லி
உரித்துவிட்டு மறுபடி.

நாங்கள் ஐந்து பேர்.
ஒரு பேக்கரிக்காரி, இழுவைப் படகில் சமைப்பவள்,
இரட்டையரில் ஒருத்தி (மற்றவள் வேண்டாமென்றுவிட்டாள்),
நான், வீப்கே.
ரோலர் டெர்பியை எங்களில் யாரும்
நேரில் பார்த்ததில்லை.
அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குறுந்தகடு,
அதுவும் கடைசிப் பத்து நிமிடம் சிக்கிச் சிக்கி நின்றது.
எப்படி முடியும் என்று தெரியாமலே
ஆடத் தொடங்கினோம்.

பகலில் அவள் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுங்கள், அசையாதீர்கள் என்று
நாளெல்லாம் சொல்லிவிட்டு
மாலையில் வந்து
அசையுங்கடி என்று எங்களிடம் கத்துவாள்.
பட்டப்பெயரில்தான் ஆடவேண்டும்.
அவள் ஃப்ராவ் ஃப்ராக்டூர்.
தமிழில், திருமதி முறிவு.

நல்லவள் என்று சொல்லமாட்டேன்.
சந்தா பாக்கியென்றால்
சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொள்வாள்.
அவள் இடித்து என் இடுப்பில் விழுந்த நீலம்
மஞ்சளாக மூன்று வாரம் ஆயிற்று.
அலுவலகத்தில் படிக்கட்டு என்றேன்.
அம்மாவிடம் தொலைபேசியில் வானிலை பேசினேன்.

முதல் போட்டி கீல் பெண்களோடு.
அதற்குள் ஒன்பது பேராகியிருந்தோம்.
பதினொன்றுக்கு இருநூற்று மூன்று.
பதினொன்று நாங்கள்.
ஹெல்மெட்டில் நட்சத்திரம் மாட்டிய அவர்கள் ஆள்
எங்கள் இடுக்குகளில் தண்ணீராய்ப்
போனாள், வந்தாள், போனாள்.

திரும்பும் வழியில் எல்பே ஆறு.
க்ளூக்ஷ்டாட் துறையில் பாதைப் படகு வர
நாற்பது நிமிடம். மழை.
வேனுக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
வீப்கே என் முதுகு எண்ணைத் தட்டினாள்.
ஏன் இருநூற்று நாற்பத்தேழு?
எங்கள் எழுத்துகளின் மொத்தம், என்றேன்.
பன்னிரண்டு, பதினெட்டு, அவை கூடிப் பெற்றவை,
பிறகு எதோடும் சேராத ஒன்று.

அந்த ஒன்றைப் போடு.

ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் வைத்தேன்:
ஃ
கீழே இரண்டு, மேலே ஒன்று.

கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.
பேக்கரிக்காரியையும் என்னையும் மழையில் இழுத்து
தோளோடு தோள் ஒட்டி நிறுத்தினாள்.
எங்களைப் பார்த்தபடி எதிரே நின்று
எங்கள் தோள்களைப் பற்றிக்கொண்டு
இப்போது தள்ளுங்கடி, என்றாள் மற்றவர்களிடம்.
தள்ளினார்கள்.
படகுச் சமையல்காரி ஓடிவந்தே மோதினாள்.
வரிசையில் நின்ற லாரிக்காரர்
முகவிளக்கைப் போட்டு எங்களைப் பார்த்தார்.
நாங்கள் அசையவில்லை.

குறுந்தகட்டில் இது இல்லை.
வேறெங்கோ வேறு யாரோ கண்டுபிடித்தும் இருப்பார்கள்,
முக்காலி என்று பெயர்கூட உண்டாம்.
எங்களுக்கு அது அந்தத் துறையில் கிடைத்தது.

இலக்கணத்தில் இதற்குத் தனிநிலை என்று பெயர்,
சொன்னேன் அவளிடம்.
மூன்று பேர் நனைகிறோம், தனியாம்,
என்று தும்மினாள்.

நான்காம் வருடம் அவள் கணுக்கால்.
அவள் வேலை பார்க்கும் அறையிலேயே
அவளைப் படுக்கவைத்து, மூச்சை இழுங்கள் என்றார்கள்.
தகடு ஒன்று, திருகாணி ஏழு.
மாவுக்கட்டில் எல்லோரும் கையெழுத்திட்ட பின்
உன் எழுத்தில் என் பெயரை எழுது, என்றாள்.
எழுதினேன்.
ஃப்ராவ் ஃப்ராக்டூர்.

இரண்டு தடவை வருகிறதே அது.
உன் பெயர் அதில்லாமல் தொடங்காது, என்றேன்.

எண்ணினாள். ஆறு புள்ளி.
களத்தில் ஐந்து பேர்தான் விதி, என்றாள்,
ஒருத்தி அதிகம்.

மை காயுமுன்
கடைசிப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.
பரவியது.
போகவில்லை.