ஒரே எண், ஆறு முறை

பெஞ்சூரு சாலை, மூன்றாம் மாடி.
கீழே லாரி ஒன்று
பின்வாங்கிக்கொண்டே அலறுகிறது.
மைலோ அட்டைப்பெட்டியில் ஆறு குப்பிகள்,
கிழக்கு நங்கூரப் பரப்பில் நிற்கும் கப்பலிலிருந்து.
சிலிண்டருக்கு ஒன்று.

லேபிளில் நீல மை. முத்து முத்தாய் எழுத்து.
எனக்குப் பிடிக்கவில்லை.
எஞ்சின் அறைச் சூட்டில் எழுதியவனுக்குக் கை வழுக்கும்,
நான்கு ஒன்பதாகும், ஓரத்தில் கட்டைவிரல் பதியும்.
இது ஏசி அறையில் எழுதியது.

கேள்வி இதுதான்.
கந்தகம் குறைந்த எரிபொருளுக்குக் கப்பல் மாறிவிட்டது.
அமிலம் குறைந்த இடத்தில்
அதை அடக்கும் காரமும் குறையலாமா?
எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கி
அறுநூறு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாயிற்று.
காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரை போட்டால்
மிஞ்சியது பிஸ்டன் தலையில் சுண்ணாம்பாய் இறுகி
சுவரைச் சுரண்டும்.
குறைத்துக் கொடுத்தாலோ அமிலம் தின்னும்.

"நாற்பதுன்னு எழுதிடுங்க மேடம்,
டிரம்முக்குக் கணிசமா மிச்சம்"
என்கிறார் கம்பெனியின் பரஞ்சோதி.
குப்பியை நான் இன்னும் குலுக்கவேயில்லை.

சூட்டுத் தட்டில் ஒரு சொட்டு.
வெடிக்கவில்லை. தண்ணீர் இல்லை.
வடிதாளில் ஒரு சொட்டு.
நடுவே கரி, சுற்றிலும் பழுப்பு,
ஓரத்தில் ஈர மஞ்சள்.
பிறகு இரும்பு.

நூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுப் பதின்மூன்று.
நூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுப் பன்னிரண்டு.
இயந்திரத்தைத் துடைத்து மறுபடி அளந்தேன்.
நூற்றுப் பதின்மூன்று. நூற்றுப் பன்னிரண்டு.

இரட்டைப் பிள்ளைகளுக்கே மச்சம் மாறும்.

மூன்றாம் எஞ்சினியர் யான் நைங்
நாலாவது முயற்சியில் எடுத்தான்.
"எந்தக் குழாயில் பிடித்தீர்கள்?"
ஜெனரேட்டர் மட்டும் பேசியது, வெகுநேரம்.
"இரண்டாவதில். மற்றதெல்லாம் அடைப்பு.
பத்தொன்பது மணி நேரமாய் நின்றுகொண்டிருந்தேன், மேடம்."
திட்ட வாய் திறந்தேன்.
என் மேசையில் காலையில் வாங்கிய கோப்பி,
ஏடு படிந்து, தொடாமல்.
"எஞ்சின் ஓடும்போது எடுத்து அனுப்புங்கள்.
ஆறிலிருந்தும்" என்றேன்.

ஒன்பது நாள்.
போர்ட் கிளாங் போய்த் திரும்பிய கப்பலிலிருந்து
அதே பெட்டி. கிழிந்த லேபிள்,
மசகில் ஊறிய எண்கள்,
ஒவ்வொரு மூடியிலும் ஒரு கட்டைவிரல்.
கம்பி விட்டுக் குழாய்களைக் குத்தியிருக்கிறான்.

தொண்ணூற்றெட்டு. நூற்றுப் பதினொன்று. நூற்றைந்து.
அறுநூற்று நாற்பது.
எண்பத்தொன்பது. நூற்றிரண்டு.

நான்காவதன் சொட்டு வடிதாளில் பரவவில்லை,
ஒரே கறுப்பாய்க் குந்திக்கொண்டது.
மற்ற ஐந்திலும் மிச்சக் காரம் இருபதுக்கு மேல்.
இதில் ஆறு.
ஆக, நாற்பது போதும். பரஞ்சோதி சொன்னது சரி,
சொன்ன நேரம்தான் தப்பு.
நான்காவதற்கு எண்ணெய் போய்ச் சேரவேயில்லை.
எழுபது ஊற்றினாலும் நூறு ஊற்றினாலும்
வராத சோற்றில் உப்பு எவ்வளவு இருந்தென்ன?

அறிக்கையில் எழுதினேன்:
முதல் தொகுதி செல்லாது, மறு மாதிரி பெறப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அது கட்டாயக் கட்டமில்லை.

இரவு பதினொன்றே காலுக்கு ஒரு படம் வந்தது.
கழற்றிய மசகுக் குழாயின் வாய்,
பக்கத்தில் கறுத்த உள்ளங்கை,
அதில் அரிசி அளவு ஒரு ரப்பர் துண்டு.

கீழே இரண்டே சொல்:
தூங்கப் போகிறேன்.