ஏழாம் நம்பர் கோட்டு

உங்கள் கண்ணுக்கு அது ஒரே கோட்டு.
பதினொன்று தைத்தோம்.
நடக்க ஒன்று, ஓட ஒன்று,
மழைக்கு இரண்டு,
குண்டு துளைத்த ஓட்டையோடு ஒன்று,
ஓட்டைக்கு முந்தைய நிமிஷத்துக்கு ஒன்று.
எதிலும் பை கிடையாது.
பை வைத்தால் தொங்கும், ஸ்டைல் போய்விடும் என்றார் டைரக்டர்.
அப்போதே கேட்டிருக்கலாம்,
உளவாளி சில்லறையை எங்கே வைப்பான்?

வடபழனியில் இரவுக் காட்சி. நானும் ரெஜினாவும்.
பாப்கார்ன் விலை தெரிந்து
வேர்க்கடலையைக் குடைக்குள் மறைத்துக் கொண்டுபோனோம்.
எங்களுக்கும் கொஞ்சம் உளவு வரும்.

முதல் இருபது நிமிஷம், சும்மா சொல்லக்கூடாது.
நடுநிசிக் காசிமேடு.
ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் ஒருவன் நடக்கிறான்.
பின்னணி இசை இல்லை,
ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும்.
யார் பகை, யார் உறவு, ஒரு வார்த்தை இல்லை.
வஞ்சிரத்தின் வயிற்றுக்குள் இரண்டு விரல் விட்டு
ஒரு சிம் கார்டை எடுக்கிறான்.
முன்சீட்டுக் கைக்குழந்தைகூட மூச்சுவிடவில்லை.
தினம் புழுதி குடிக்கும் எண்ணூர் சாலை
கண்டெய்னர் லாரிகளோடு
யாரோ ஒருவருடைய நாடு மாதிரி நீலமாய்க் கிடந்தது.
கத்திரி வெயிலில் எடுத்த படம்.
ஒரு நெற்றியும் வேர்க்கவில்லை.
பரவாயில்லை, அழகுதான்.

அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான்.

வில்லனுக்குச் சுவர் அகல மீன்தொட்டி உண்டு,
பளிங்குச் சதுரங்கம் உண்டு, காரணம் இல்லை.
நகரத்தை ஏன் அழிக்கிறாய் என்றால் சிரிக்கிறான்.
எங்கள் ஹவுஸ் ஓனர்
ஐந்நூறு ரூபாய் வாடகை ஏற்றவே
மூன்று காரணம் சொல்வார்.

கூட வருகிறவள் ஐந்து மொழி தெரிந்தவள்.
பூட்டைக் காதால் திறப்பவள்.
இடைவேளைக்கு முன் செத்துப்போகிறாள்,
அவனுக்குக் கோபம் வர வேண்டுமே.
ஐந்தில் ஒரு மொழியிலும் கடைசி வார்த்தை தரவில்லை அவளுக்கு.
இரண்டாம் பாதிக்கென்று நாங்கள் தைத்த சாம்பல் நிற உடை
கம்பெனி பீரோவில்
மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

பிறகு பாலம் வெடித்தது. ரயில் வெடித்தது.
ஹெலிகாப்டர் ஒன்று எதற்கோ வந்து அதுவும் வெடித்தது.
சத்தம் ஏற ஏற பயம் இறங்கியது.
ரெஜினா போனில் மாமியார் அனுப்பிய
முருங்கைக்கீரைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் காத்திருந்தது மாடிப்படிச் சண்டைக்கு.
வெட்டே இல்லாத ஒரே ஷாட் என்று போஸ்டர் போட்டார்கள்.
ஷாட் ஒன்றுதான், முதுகு இரண்டு.
தூணைத் தாண்டும் அரை நொடியில் ஆள் மாறுவான்.
ஏழாம் நம்பர் கோட்டு,
தோளில் ஒரு அங்குலம் கூட்டித் தைத்தது.
எர்ணாவூர் குணாளன்.
அளவெடுக்கும்போது
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மூச்சைப் பிடித்து நிற்பான்.

விழுகிறான். பதினாலு படி.
எழும்போது பொத்தான் ஒன்று தெறித்து உருள்கிறது.
அது ஸ்கிரிப்டில் இல்லை,
விடியக்காலை மூன்று மணிக்கு நான் முடிச்சுப் போட மறந்தது.
ஓட வேண்டியவன் ஒரு கணம் குனிகிறான்.
தேடுகிறான். எடுத்துக்கொள்கிறான்.
தியேட்டரே எழுந்து கைதட்டியது,
என்ன நிதானம் ஹீரோவுக்கு என்று.

பொத்தான் தொலைந்தால் யாருக்குத் திட்டு விழும் என்று
அவனுக்குத் தெரியும்.
கட் சொன்னதும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான்,
சூடாக இருந்தது.

படத்தில் இருப்பது இரண்டாவது டேக்.
மூன்றாவதில்தான் காறை எலும்பு போனது.
மூன்றாவது எதற்கு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.
கோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து
கத்தரித்த இரண்டு துண்டாய்த் திரும்பி வந்தது.
உள்துணியில் உப்புக் கோடு.
மற்ற பத்தில் ஒன்றிலும் உப்பு இல்லை.

பெயர்கள் ஓடும்போது நாங்கள் இருவர்தான் மிச்சம்,
துடைப்பத்தோடு ஒரு அம்மா காத்திருந்தார்.
குணாலன் என்று போட்டிருந்தார்கள்.
அதுவும் வேகமாய்ப் போய்விட்டது.

வெளியே வந்தால் மெசேஜ்:
படம் எப்படி?
பாதி நல்லா இருக்கு என்று அடித்தேன்.
எந்தப் பாதி, என்றான்.

ஷேர் ஆட்டோ வந்துவிட்டது.
குடையை உதறினேன்,
கடலைத் தோல் கொட்டியது.