நாலு நிமிசத்துக்கு ஒரு சிமிட்டல்

எங்கள் வீட்டுக்கு முன்சுவர் கிடையாது.
இருப்பது ஒரு ரோலர் கதவு.
பண்டாரவளை, பூனாகலை வீதி,
ரத்னசிறி மாத்தயாவின் மாடிக்குக் கீழே
முன்னம் கார் நின்ற இடம்.
பெற்றோல் வரிசை ஓயாத வருசம் காரை விற்றார்;
தரையில் எண்ணெய்க் கறை காயுமுன்
எங்களுக்கு வாடகைக்குத் தந்தார்.
கறைக்கு மேல்தான் கட்டில் போட்டிருக்கிறோம்.

கட்டிலுக்கு நேர் மேலே மோட்டார்,
அதன் வயிற்றில் பச்சையாய் ஒரு பொட்டு வெளிச்சம்.
முழிச்சிருக்கிற பல்லி என்பாள் கிருஷிகா.
பொத்தானை அமுக்கினால் சுவர் எழும்பும்.
பாண்காரர் வந்தாலும்
நாத்தனார் சண்டைக்கு வந்தாலும்
வீடு முழுசாய்த்தான் திறக்கும்.
ஒருக்களித்துப் பார்த்து
"யாரது" என்று கேட்கிற வசதி
எங்களுக்கு இல்லை.

இந்த மாதம் குட்டி மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது.
அறுபதைத் தாண்டினால் விலை வேறு.
"அயன் பண்றது கூட" என்றார் மாத்தயா,
அவருக்குத் தெரிந்த தமிழில்.
"மோட்டார்தான்,
சுவரையே தூக்குதே, சும்மாவா?" என்றார் அந்தோனிராஜ்.
அயன் பண்ணுவது நான்.
தூக்குவதை யாரும் என் தலையில் கட்டவில்லை.

போயா லீவில் எல்லா பிளக்கையும் பிடுங்கினேன்.
ஃப்ரிஜ், ரைஸ் குக்கர், போன் சார்ஜர்,
மாதா படத்துக்குக் கீழே எரிகிற குட்டி பல்ப்கூட.
மோட்டாரை மட்டும் விட்டேன்.
மகளின் கணக்குக் கொப்பியோடு
மீட்டருக்கு முன்னால் குந்தினேன்.
மூவாயிரத்து இருநூறு சிமிட்டினால் ஒரு யூனிட்,
அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.

சிமிட்டியது.
தேத்தண்ணி ஆறியது.
பதுளைப் பக்கம் ரயில் கூவிப் போனது.
சிமிட்டியது.
நாலு நிமிசம்.

தூக்குவதற்கு முந்நூற்றைம்பது வாட்,
ஒரு தடவைக்குப் பதினைந்து செக்கன்,
நாளுக்கு எட்டுத் தடவை.
மாதம் முழுக்கச் சேர்த்தாலும்
ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு.
ஆனால் சும்மா இருப்பதற்கு
மூன்றே கால், இன்னும் கொஞ்சம்.
எங்கள் குக்கரில் பத்து நாள் சோறு வேகும் அதில்.
கொப்பியில் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்,
கழித்தும் பார்த்தேன்.

சும்மா என்றால் சும்மா இல்லையாம்.
வயர்மேன் சகாயநாதன் சொன்னார்:
"அது காது குடுத்துக்கொண்டு இருக்கு அக்கா.
ரிமோட் எப்ப கூப்பிடும் எண்டு
ராப்பகலாக் கேட்டுக்கொண்டே இருக்கு."
எந்த ரிமோட்?
எங்களிடம் சுவரில் பொத்தான் மட்டும்தானே.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்குத் தெரிந்தது.
அந்தோனிராஜ் பெனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
நான் தலை அவிழ்த்து ஈர் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரும் அமுக்காமல் சுவர் எழும்பியது.
பனி நேரே உள்ளே வந்து கட்டிலில் ஏறியது.
வீதியில் ஒரு வெள்ளைக் கார்,
முன் லைட் இரண்டும் எங்கள் சட்டிபானை மேல்.
வெலிமடையிலிருந்து வந்தவராம்,
மாத்தயாவிடம் கார் வாங்கியவர்.
வெயில் மறைப்புப் பலகையில் செருகிக் கிடந்த
சின்னச் சாமான் என்னவென்று
ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாராம்.
"சமாவென்ன, சமாவென்ன" என்று
கையில் ரிமோட்டோடு நின்றார்.
இத்தனை நாளும் இவருக்காகத்தான்
மேலே காது கொடுத்துக் கிடந்திருக்கிறது,
எங்கள் செலவில்.

மறுபடி அமுக்கினார்.
அவரே எங்களை மூடிவிட்டுப் போனார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.
இப்போது சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு
கையாலேயே தூக்குகிறோம்.
காலையில் என் முறை, இரவில் அவர் முறை.
இடுப்பு வலி எந்த மீட்டரிலும் ஏறாது.
பல்லி தூங்கிவிட்டது என்று
கிருஷிகா ஒரு நாள் அழுதாள்.

கொப்பியில் ஒரு வரி மட்டும் மிச்சம்.
வெள்ளி இரவு, ஒன்பதரை:
ஒரு தரம் திறந்தது, ஒரு தரம் மூடியது,
மொத்தம் ஒன்பது சிமிட்டல்.
இதை யார் பெயரில் எழுத?