புள்ளி, பிறகு ஓர் இடைவெளி

பூந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறார்கள்.
அதைப் பற்றிக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள் எதுவீகெஸ்.
கையுறையில் இன்னும் ஈர நார் வாசம்.

மூன்றாம் மாடி, ஓத அளவை அலுவலகம்.
ஹீட்டர் மேல் மன்சியாவின் காலுறைகள்.
ஜலசந்தி ஏறுவதும் வற்றுவதும்
பத்து நிமிடத்துக்கொரு எண்ணாக வந்து விழும் அறை.

எட்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள்.
முதல் வரி: போர்வெனீர், ஜூலை, அந்தக் கோப்புறைக்குப் போ.
போயிற்று.
எண்ணியது, கூட்டியது, கிழிந்த நாட்களுக்கு ஒட்டுப் போட்டது,
ஆயிற்று என்றது.

இப்போது எங்கிருக்கிறேன் என்று தட்டிக் கேட்டாள்.
வீட்டில், என்றது திரை.
கிளம்பிய அதே வீட்டில்.
ஒரு படிகூட இறங்கவில்லை.

மறுபடி ஓட்டினாள். மறுபடி வீடு.
மூன்றாம் முறை துறைமுகத்தில் மட்டும் பேசுகிற ஒரு சொல்லைச் சொன்னாள்.
காலுறையைப் புரட்டிப்போட வந்த மன்சியா
காதில் விழாததுபோல் திரும்பிப் போனான்.

கையேட்டில் இருந்தது, சின்ன எழுத்தில்:
ஓடுவது நீயல்ல, உன் பிள்ளை.
பிறக்கும்போது நீ நின்ற இடத்தில்தான் அதுவும் நிற்கும்,
பிறகு அதன் கால், அதன் வழி.
வேலை முடிந்ததும் இறக்கும்.
அதுவரை தாய் காத்திருப்பாள், அவ்வளவுதான்.
எழுதியவனுக்குத் தாய் என்பது
துடிக்கும் குறியோடு ஒரு கறுப்புக் கட்டம்.
எதுவீகெஸ் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.
மகள் வால்திவியாவிலிருந்து கூப்பிட்டு ஒன்பது நாள்.

முதல் வரியின் கடைசியில் இரண்டு நெட்டுக்கோடுகள் உண்டு.
போன குளிர்காலத்தில் அவை இல்லை.
மன்சியா எழுதியிருந்தது: போ. அங்கிருப்பதை அழி.
கோப்புறைப் பெயரில் ஓர் எழுத்து கூடுதல், போக முடியவில்லை.
அடுத்த வரி அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்குமா?
நின்ற இடத்தை அழித்தது.
பதினோரு வருடக் கடல்.
கோட்டுகூடப் போடாமல் கரைக்கு ஓடிப் பார்த்தானாம்,
அலை எதையும் மறந்திருக்கவில்லை.
சாந்தியாகோவிலிருந்து பிரதி வந்தது,
ஒரு பிப்ரவரி தவிர.
அன்று போட்டவை அந்தக் கோடுகள்:
போக முடியாவிட்டால் அங்கேயே முடித்துக்கொள்.

கையேட்டின் அடுத்த பக்கம்.
பெயருக்கு முன் ஒரு புள்ளி, பிறகு ஓர் இடைவெளி.
பிள்ளை பெறாதே. நீயே போ.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் நிற்கும், என் மொழியில்.
அவளுக்கு அது தெரியாது.
அவள் வைத்த புள்ளியில் மெய்யே கிளம்பியது.
வீட்டைக் குறிக்கும் அந்த அலைக்கோடு மறைந்து
போர்வெனீர், ஜூலை என்று வந்தது.
ஹா, என்றாள் உரக்க.

அடுத்தது ஆகஸ்ட். அவசரத்தில் ஓர் எழுத்து பிசகியது.
போக முடியவில்லை.
கோடுகள் தம் வேலையைச் செய்தன: முடித்துக்கொள்.
முடிவதற்குப் பிள்ளை இல்லை.
கறுப்புக் கட்டமே மூடிக்கொண்டது.
அதன் பின்னால் இத்தனை நாளும் இருந்தது தெரிந்தது,
கணினியோடு வந்த படம்: வெயில், மணல், ஒரு தென்னை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வால்திவியாவுக்கு விமானம் என்ன விலை இருக்கும்
என்று மன்சியாவைக் கேட்டாள்.
அவன் ஒரு காலுறையை மாட்டி,
இன்னும் ஈரம்தான், என்றான்.