மூன்று விலை எழுதிய புத்தகம்

பத்தொன்பது வருடமாய்
ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயைத்தான்
முதலில் தள்ளினேன்.
காவலில்லாத இடத்தில் போய் நின்றுகொண்டு
என்னைத் திரும்பிப் பார்க்கும் அது.
மாகோ ஊர்க்காரர்கள் எல்லோரும்
அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார்கள்: சிசிலியன்.
இருபத்தைந்தாவது நகர்வில் கைகுலுக்கிவிட்டு
செகெத் திரும்பும் கடைசி பஸ்ஸைப் பிடிப்பேன்.

அணித்தலைவர் கெல்லேர்ட் திட்டவில்லை.
"ஆறாவது பலகைதானே, பிரோஷ்கா" என்றார்.
அந்தத் 'தானே' மூன்று நாள் உறுத்தியது.

நான்காம் நாள் ஷிஃப்ட் முடிந்த கையோடு
சீருடை மாற்றாமல்
வெண்டெலின் பழைய புத்தகக் கடைக்குப் போனேன்.
"ராணிச் சிப்பாய். வெள்ளைக்கு" என்றேன்,
மருந்துக் கடையில் கேட்பதுபோல.
அவர் ஏணியைக் காட்டினார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஒன்று.
கறுப்பு செய்யக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில்,
கிளைக்குள் கிளை,
பதினெட்டாம் நகர்வில்
'வெள்ளைக்குச் சற்றே சாதகம்.'
அந்தச் சற்றேயை வைத்து நான் என்ன செய்ய?

ஒல்லியானது ஒன்று. அட்டையில் ஒரு வாலிபன் சிரிக்கிறான்.
எதிராளி எதைச் செய்தாலும்
நீ பிஷப்பை வெளியே எடு, முக்கோணம் கட்டு,
எதையும் மாற்றாதே என்கிறது.
என்ன சொன்னாலும் அதே ஐந்து பதில் சொல்லும் ஒருவரோடு
பதினோரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.
திரும்ப வைத்துவிட்டேன்.

சிப்பாயைக் கொடுப்பதுபோல் நீட்டிப்
பிறகு வாங்கிக்கொள்வதைப் பற்றி ஒன்று, அழகான நடை.
கடைசி நாற்பது பக்கத்தை எலி தின்றிருந்தது.
நீட்டுவது வரை இருந்தது. வாங்குவது இல்லை.

மேல் தட்டில், மீன்பிடிப் புத்தகங்களுக்கு நடுவே
முதுகு பிரிந்த இன்னொன்று.
ராணிச் சிப்பாய் முன்னே போக,
ஓரமாய் ஒதுங்கி நின்று
மூலைவிட்டம் முழுக்கப் பார்க்கும் பிஷப்.
உள்ளே யாருடையதோ பென்சில்.
ஆசிரியர் 'தெளிவாகவே' என்று எழுதிய இடமெல்லாம்
ஓரத்தில் ஒரே சொல்:
ஏன்?
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருக்கிறது.
பின்னட்டையில் மூன்று விலை, இரண்டு அடித்து.
"வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லையா?"
"படித்து முடித்திருப்பார்கள்" என்றார் வெண்டெல்,
தானே நம்பாமல்.
ஆயிரத்து எண்ணூறு ஃபோரின்ட்.

குளிர்காலம் முழுக்க
கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் ஒன்பது நிமிடங்களில்
ஸ்டீயரிங் மேல் காந்தப் பலகை.
ராணிச் சிப்பாய் இரண்டு கட்டம் போனாலும்
பின்னால் ஆள் இருக்கிறது.
இதை யாரும் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

மார்ச்சில் மாகோவின் திஹாமேர் எதிரே உட்கார்ந்தார்.
கால்நடை மருத்துவர்.
குதிரையை மட்டும் பூப்போல எடுத்து வைப்பார்.
நான்கு நகர்வு புத்தகத்தில் உள்ளபடி.
ஐந்தாவதாக, ஓரச் சிப்பாயை
இரண்டு கட்டம் விட்டெறிந்தார்.
எந்தப் பக்கத்திலும் இல்லை அது.
பென்சில்கூட அதைக் கேட்டிருக்கவில்லை.

திருப்பத்தில் சில சமயம்
என் டிராலிபஸ்ஸின் கம்பம் மின்கம்பியை விட்டு நழுவும்.
விளக்கு அணையும். பயணிகள் உச்சுக்கொட்டுவார்கள்.
கையுறை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி
பின்னால் போய்க் கயிற்றை இழுத்து
அண்ணாந்து பார்த்துக் கம்பியைத் தேட வேண்டும்.
அவசரப்பட்டால் கிடைக்காது.

கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் போனது.
அண்ணாந்து பார்த்தேன், ஹாலின் கூரையை.
பிறகு, கோட்டை கட்டினேன்.

அறுபத்து மூன்று நகர்வு. டிரா.
கெல்லேர்ட் அரைப் புள்ளியை இரண்டு முறை கோடிட்டார்.
திஹாமேரிடம் கேட்டேன்: அந்த ஓரச் சிப்பாய், ஏன்?
கோட்டின் பொத்தானைப் போட்டபடி சொன்னார்:
"நீங்கள் புத்தகம் வாங்கியதாக
வெண்டெல் சொன்னார்."

நான்காவது விலை எழுத
பின்னட்டையில் இடம் இருக்கிறது.
இப்போதைக்கு அங்கே வெண்டெலைப் பற்றி
ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறேன்.