ஒரு கிலோ தொள்ளாயிரம்

மண்டூர்ப் பாதை காலை ஆறே முக்காலுக்கு.
அதில் ஏறும்போது தோளில் இருக்கவேண்டும் என்றார் சந்திரலதா மிஸ்,
தராசு, தொங்கல் துணி, பெரிய கொப்பி,
மழைக்கோட்டு, சோற்றுப் பெட்டி
எல்லாம் கொள்ளும் ஒரு பை.
"கடைப் பை மூண்டு மாசந்தான் தம்பி.
வார் அறுந்து தராசு ரெண்டு தரம் விழுந்திட்டு.
விழுந்த தராசு பொய் சொல்லும்."

நான் மோட்டார்சைக்கிள் சீற் தைக்கிறவன்.
களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் பின்னால்
பாதி ஷட்டர் மட்டும் திறக்கிற கடை.
பை தைத்ததில்லை.
தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

படங்கு ஒரு நெல் லொறியுடையது.
ஆலைப் பெயரில் மிஞ்சியது ஒரு 'லி'.
கழுவக் கழுவ மடிப்புக்குள்ளிருந்து உமி வந்தது,
நாலாம் தண்ணீரிலும்.
தோல், சாய்ந்தமருது முபாரிஸ் தந்தது,
இடுப்புவார் வெட்டி எஞ்சிய துண்டு.
ஓரத்தில் சுட்ட குறி:
பாதி வட்டம், ஒரு கோடு.
யாருடைய மாடோ.

மிசின் இரண்டு மடிப்புத் தாண்டியது,
மூன்றாவதில் முனகியது,
தோலில் ஏறியதும் ஊசி முறிந்து
முனை எங்கோ தெறித்தது.
பிள்ளைகளின் துணி போகிற பை.
காந்தம் இரவல் வாங்கி வந்து தேடினேன்.
என் சட்டைக் காலரில் இருந்தது.

மறுகா கைதான்.
குத்தூசியால் துளை.
வலைநூல், மெழுகுதிரியில் மூன்று இழுவை.
ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி.
இடத்தால் ஒன்று போகும், வலத்தால் ஒன்று வரும்,
பாதையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும்
ஒரே பலகையில் தோள் இடிப்பதுபோல்
ஒரே துளைக்குள் உரசி விலகும்.
இறுக்கும்போது சுண்டுவிரலை நூல் அறுக்கும்.
குழம்பில் கை வைக்க முடியாத மூன்று இரவு
ஜெயவதனி பிசைந்து தந்தாள்.
"நீங்க என்ன, பிள்ளையா பெறுறீங்க?"

அடிக்கு இரட்டைத் தோல், வாருக்கும் இரட்டை.
பன்னிரண்டு கிலோ அரிசி போட்டு
ஷட்டர்க் கொளுக்கியில் விடிய விடியத் தொங்கவிட்டேன்.
ஒரு தையலும் இளகவில்லை.
எனக்கு நானே ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

மிஸ் வந்தார். தடவிப் பார்க்கவில்லை.
தன் தராசை அதே கொளுக்கியில் மாட்டி
வெறும் பையை அதில் தொங்கவிட்டார்.
முள் ஆடி நின்றது.
ஒரு கிலோ தொள்ளாயிரம்.

"போன வியாழன் அக்கரையில ஒரு பிள்ளை,
குறைமாசம், இந்தப் பாரந்தான்.
வீட்டை வந்திட்டு. பால் குடிக்குது.
ஆனா தம்பி,
சாமான் போட முதலே
ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
நாள் முழுக்க நடக்க ஏலாது."

பன்னிரண்டு கிலோ தாங்கும் மிஸ் என்று
வாய் வரைக்கும் வந்தது.
பையைத்தான் நிறுத்திருந்தேன்,
தோளை நிறுக்கவில்லை.

அன்றிரவு அடித்தோலைப் பிரித்தேன்.
தைத்த நேரத்தில் காற்பங்கும் ஆகவில்லை.
வாரை ஒற்றையாக்கினேன்.
குறி இருந்த துண்டை மட்டும்
கைப்பிடியில் விட்டேன், பெருவிரல் படுகிற இடத்தில்.
தோல் போன படங்கில்
நூற்றுப் பதினெட்டுத் துளை.
ஒவ்வொன்றுக்கும் மெழுகு உருக்கி விட்டு
கரண்டி முதுகால் தேய்த்தேன்.
'லி' உள்ளே போயிற்று, தலைகீழாய்.

ஒரு கிலோ நூற்றைம்பது.
"சரி" என்றார். மிச்சக்காசை எண்ணி வாங்கினார்.
பாதைக்கு நேரமாகியிருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது.
மூன்று நாள் பாதை ஓடவில்லை.
சீற்றுக்கு ரெக்சின் இழுத்து ஆணி அறையும்போதெல்லாம்
அந்த மெழுகு பிடித்திருக்குமா என்று
துளை துளையாய் எண்ணினேன்.
குறை சொல்லி மிஸ் வரவில்லை.
வந்தது அவருடைய ஸ்கூட்டி, சீற் கிழிந்து,
ஒரு பொடியன் தள்ளிக்கொண்டு.
மிஸ் எங்கே என்றேன்.

"வெள்ளத்துக்குள்ளால நடந்து போறா.
பையைத் தலையில வெச்சுக்கொண்டு."

தலையிலயா?

அப்படியென்றால் துளையெல்லாம் கீழே.
குறட்டை எடுத்துச் சீற்றைக் கழற்றத் தொடங்கினேன்.