புரட்டாசி மூன்றாம் வாரம்

ஞாயிறு இரவு, பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு
ஏழு கட்டம் போடுவேன்,
பிள்ளைகளின் கணக்கு நோட்டில் கிழித்த தாளில்.
குளிர்பெட்டிக் கதவில் அதற்குப் பக்கத்தில் மின்வெட்டு அட்டவணை,
அதற்கும் பக்கத்தில் வனேஸ்ரீயின் வார்டு நேரம்.
மூன்றையும் பொருத்திப் பார்த்தால்தான்
சாட்ஸ்வர்த்தில் இந்த வீடு சாப்பிட முடியும்.

செவ்வாய் ஆறிலிருந்து எட்டரை வரை இருட்டு;
ஆகவே ரொட்டி, ஒற்றைக் கேஸ் அடுப்பில்.
புதன் முதல் வெள்ளி அவளுக்கு இரவு வேலை;
ஆகவே டப்பாவில் போனாலும் முகம் சுளிக்காத ஏதாவது.
மாமனாருக்குச் சர்க்கரை.
திருஷனுக்குப் பதினாறு வயது, அதுவே ஒரு நோய்.

இதில் புரட்டாசி வேறு.
முட்டைகூட வாசல் தாண்டாத மாதம்.
முதல் வாரம் பக்தி.
இரண்டாம் வாரம் பருப்பு.
மூன்றாம் வாரத்துக்கு
சுகர் பீன்ஸ், காத்ரா பீன்ஸ், மறுபடி சுகர் பீன்ஸ்
என்று எழுதி
என் கையெழுத்தைப் பார்த்து நானே பெருமூச்சு விட்டேன்.

தமிழில் எழுதுவது என் தந்திரம்.
கோயில் வகுப்பில் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் படித்தது,
எந்த ர, எந்த ற என்று இன்னும் தடுமாறும்.
பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது.
"நாளைக்கு என்னப்பா?"
என்று கேட்கக் காதிலிருந்து அந்தக் குமிழைக்
கழற்றியாக வேண்டும்.
நாளுக்கு ஒரு கேள்வி.
அதற்கு மேல் நான் ஆசைப்பட்டதில்லை.

புதன் மட்டும் புதிது.
இந்த வீட்டில் யாரும் சமைத்திராத ஒன்று,
நானே போட்ட சட்டம்.
கடையில் என்னோடு பெயின்ட் டின் அடுக்கும் நொம்வூலா
சாம்ப் செய்யச் சொன்னாள். உடைத்த வெள்ளைச் சோளம்.
பீன்ஸோடு வேகவிடு, வெங்காயம், உப்பு, அவ்வளவுதான் என்றாள்.
அவ்வளவுதான் என்று ஆரம்பித்த எந்தச் சமையல்
அவ்வளவோடு முடிந்திருக்கிறது?
முந்தின ராத்திரியே ஊற வை என்பதை
அவள் சொல்லவில்லையா, நான் கேட்கவில்லையா,
அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

ஐந்தரைக்கு ஏற்றினேன்.
ஏழரைக்கும் சோளம் கூழாங்கல்.
எட்டு மணிக்கு மின்சாரம் போனது.
பானையைக் கேஸுக்கு மாற்றி
நீலச் சுடரைச் சுற்றி நாலு பேர் காவல் இருந்தோம்.
மாமனார் பிஸ்கட் தின்றார், தின்னவில்லை என்றார்.
திருஷன் கைபேசி வெளிச்சத்தைப் பானைக்குள் அடித்து,
"இது நம்மள முறைக்குது" என்றான்.
கியாஷா குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது.
நான் என்ன செய்ய, கடுகு தாளித்தேன்.
காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை.
வழி தெரியாதபோது கை போகும் வழி அதுதான்.

ஒன்பதே முக்காலுக்குப்
பாதி வெந்ததை முழுதாகத் தின்றோம்.
தாடை வலித்தது.
இரண்டாம் முறை தட்டு நீட்டியவன் திருஷன் ஒருவன்தான்;
அவனுடைய பசி சாட்சிக் கூண்டில் நிற்காது.

காலையில் வனேஸ்ரீ வந்தாள்.
செருப்பைக்கூடக் கழற்றாமல், நின்றபடி, பானையிலிருந்தே.
மூடி போட்டு விட்டுவைத்த சூட்டில்
ராத்திரி முழுக்க அது தானாக இளகியிருக்கிறது.
"நல்லாத்தானே இருக்கு? எதுக்கு அத்தனை மெசேஜ்?"
நால்வரும் பட்ட பாட்டை
நான் எங்கிருந்து சொல்ல.
டப்பாவில் மிச்சத்தை அள்ளி, பேர் எழுதி மூடினாள்.

அப்புறம்தான் பார்த்தேன்,
தாளின் அடியில், கட்டங்களுக்கு வெளியே
பென்சிலில் ஒரு சொல்:
பிசா.
எதையோ பார்த்து வரைந்த எழுத்து.
பி கொழுத்திருக்கிறது, ட் காணவில்லை,
சா மதிலேறிக் குதிக்கப் பார்க்கிறது.
யார் என்று நான் கேட்கவில்லை.
அரை நிமிடம் மகிழ்ந்தேன்.
பிறகு ஒரு பயம்.
எழுதத் தெரிந்தால் படிக்கவும் வந்துவிடும்,
படிக்க வந்தால் யார் வந்து கேட்பார்கள்
நாளைக்கு என்ன என்று?

அடுத்த புதனுக்கு மாவு பிசைய வேண்டும்.
முந்தின ராத்திரியே, மறக்காமல்.
வரும் ஞாயிறு
இன்னும் கொஞ்சம் கிறுக்கலாக எழுதுவேன்.